நீண்ட ஆயுள் வம்சத்தில் வருவதா?

கேள்வி இதுதான்: "என் அப்பா வழியில் மூன்று தலைமுறையாகத் தொண்ணூறைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானின் ஒகினாவா, இத்தாலியின் சார்டீனியா மக்கள் நூறு வயது வாழ்வதாகப் படிக்கிறேன். நீண்ட ஆயுளுக்கான மரபணு சில இனங்களுக்கு மட்டும் வாய்த்திருக்கிறதா? நம்மவர்களுக்கு அப்படி ஏதாவது உண்டா?"

ஒரு இனத்துக்கென்று ஒதுக்கி வைத்த நீண்ட ஆயுள் மரபணு எதுவும் கிடையாது. அதற்காக மூதாதையர் வரலாறு ஆயுளைத் தொடவே இல்லை என்று சொன்னாலும் தவறு. ஒரு கூட்டம் எங்கிருந்து எங்கே போனது, எப்போது எண்ணிக்கையில் சுருங்கியது, யாரோடு கலந்தது, எந்தக் கிருமிகளோடு காலம் தள்ளியது என்பதெல்லாம் சேர்ந்துதான் இன்று அந்தக் கூட்டத்தில் எந்த மரபணுத் திரிபு (மரபணு எழுத்துகளில் வரும் சிறு மாற்றம்) அதிகம், எது அரிது என்று முடிவு செய்திருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. ஒரே திரிபு ஒரு மக்களிடம் செய்கிற வேலையை இன்னொரு மக்களிடம் அதே அளவுக்குச் செய்வதில்லை. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அதனால் அதில் கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன்.

முதலில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்று பார்த்துவிடலாம். டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த 2,872 இரட்டையர் ஜோடிகளை வைத்து 1996-ல் ஒரு ஆய்வு வந்தது. மனிதருக்கு மனிதர் ஆயுளில் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய கால் பங்கு மரபுவழி என்றது அது. வெகுகாலம் அந்தக் கால் பங்கைத்தான் எல்லோரும் சொல்லிவந்தார்கள். 2018-ல் 40 கோடிக்கும் மேற்பட்டவர்களின் குடும்ப மரங்களை அலசிய ஒரு குழு, உண்மையான பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே என்றது. கணவன் மனைவிக்கு இடையில் மட்டும் அல்ல, திருமணத்தால் மட்டுமே உறவான மைத்துனர் மைத்துனிகளுக்கு இடையிலும் ஆயுள் ஒத்துப்போவதை அவர்கள் பார்த்தார்கள். ரத்த உறவே இல்லாதவர்களிடம் இது எப்படி வரும்? வசதி, படிப்பு, பழக்கம் எல்லாம் ஒத்துவரும் இடத்தில்தான் மக்கள் பெண் எடுக்கிறார்கள், கொடுக்கிறார்கள். அந்த ஒற்றுமையும் பழைய கணக்கில் மரபணுவின் பேரில் ஏறியிருந்தது. அப்புறம் அண்மையில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தினர், விபத்து, தொற்றுநோய் போன்ற வெளிக்காரணச் சாவுகளைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் மரபின் பங்கு ஏறக்குறைய பாதி என்கிறார்கள்.

கால், பத்தில் ஒன்று, பாதி என்று மூன்று எண்கள். இவை ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. மரபின் பங்கு என்கிற அளவு அந்தந்தக் காலத்துக்கும் ஊருக்கும் உரியது. காலராவும் பிரசவச் சாவும் ஆளைக் கொண்டுபோகும் இடத்தில் மரபணுவுக்கு வேலை காட்ட வாய்ப்பே இல்லை. அவை ஒழிந்த இடத்தில் அதன் பங்கு பெரிதாகத் தெரியும். இந்தியாவில் சுதந்திரத்தின்போது சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது, இன்று 70-ஐ ஒட்டி இருக்கிறது. இந்த இடைவெளியில் நம் மரபணு மாறிவிடவில்லை. தண்ணீர், தடுப்பூசி, சாப்பாடு, மருத்துவமனைப் பிரசவம் ஆகியவைதான் மாறின. ஆகவே ஒரு நாட்டின் சராசரி ஆயுளைக் காட்டி அந்த மக்களின் மரபணுவைப் பற்றி யாராவது பேசினால் ஏற்காதீர்கள்.

ஆனால் சராசரியை எட்டுவது வேறு, நூறை எட்டுவது வேறு. அமெரிக்காவில் நூறு வயதைத் தொட்டவர்களின் உடன்பிறப்புகளைப் பற்றி 2002-ல் வந்த ஆய்வில், அவர்களுடைய சகோதரர்கள் தங்கள் காலத்தில் பிறந்த மற்ற ஆண்களைவிட 17 மடங்கும், சகோதரிகள் மற்ற பெண்களைவிட 8 மடங்கும் நூறை எட்டும் வாய்ப்புப் பெற்றிருந்தார்கள். எண்பது வரை வாழ நல்ல பழக்கமும் நல்ல சூழலும் பெரும்பாலும் போதும். அதற்கு மேலே போகப் போக, யாருக்குப் பிறந்தோம் என்பது கூடுதலாகப் பேச ஆரம்பிக்கிறது. மூதாதையர் வரலாறும் அங்கேதான் உள்ளே வருகிறது.

இதற்கு அபோ-ஈ என்ற மரபணுவைவிட நல்ல உதாரணம் இல்லை. ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்துக்கான செய்முறைக் குறிப்பு அது. ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வடிவங்களில் வரும். ஈ4 இருந்தால் இதய நோயும் அல்சைமர் என்ற மறதி நோயும் வரும் வாய்ப்பு அதிகம். பிரான்சில் நூறு வயதைக் கடந்தவர்களிடம் ஈ4 குறைவாகவும் ஈ2 அதிகமாகவும் இருப்பதாக 1994-லேயே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ மரபணுக்கள் நீண்ட ஆயுள் மரபணு என்று தலைப்புச் செய்தியாகி மறைந்துவிட்டன. ஆய்வுக்கு ஆய்வு, நாட்டுக்கு நாடு அசராமல் நிற்கும் வெகு சிலவற்றில் முதலிடம் இதற்குத்தான்.

இந்த ஈ4 உலகெங்கும் ஒரே அளவில் இல்லை. ஒவ்வொருவரிடமும் இந்த மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளாக இருக்கும். சார்டீனியாவில் மரபணுப் பிரதிகளில் சுமார் 5 சதவீதம்தான் ஈ4. வடக்கே பின்லாந்துக்குப் போனால் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் பிக்மி மக்களிடம் 40 சதவீதம் வரை போகிறது. "சரி, அப்படியானால் ஆப்பிரிக்கர்களுக்கு மறதி நோய் அதிகம் இருக்க வேண்டுமே?" என்று கேட்கத் தோன்றும். இல்லை என்பதுதான் விஷயம். நைஜீரியாவின் இபாடன் நகரத்து யொருபா முதியவர்களையும், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்துக் கறுப்பின முதியவர்களையும் ஒரே முறையில் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இபாடனில் மறதி நோய் வெகு குறைவாக இருந்தது. ஈ4 அங்கே தாராளமாக இருந்தும் அது நோயாக வெளிப்படவில்லை.

1997-ல் பல நாட்டுத் தரவுகளைத் திரட்டி ஒரு கணக்குப் போட்டார்கள். இரண்டு பிரதியும் ஈ3 ஆக இருப்பவரோடு ஒப்பிட்டால், இரண்டும் ஈ4 ஆக இருப்பவருக்கு அல்சைமர் வாய்ப்பு ஐரோப்பிய வம்சாவளியினரிடம் ஏறக்குறைய 15 மடங்கு. ஜப்பானியரிடம் 33 மடங்கு. ஆப்பிரிக்க அமெரிக்கரிடம் 6 மடங்குக்கும் கீழே. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடம் சுமார் 2 மடங்குதான். புரதம் அதேதான், அதை எழுதிய எழுத்தும் அதேதான், ஆனால் விலை மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

இதற்குக் காரணம் உணவும் வாழ்க்கை முறையும் மட்டும்தானா என்று வெகுநாள் விவாதம் நடந்தது. விடையின் ஒரு பகுதி போர்ட்டோ ரீக்கோ மக்களிடமிருந்தும் ஆப்பிரிக்க அமெரிக்கரிடமிருந்தும் 2018-ல் கிடைத்தது. இவர்கள் கலப்பு வம்சாவளியினர். இப்படிப்பட்டவர்களின் குரோமோசோமை, அதாவது மரபணுக்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் டிஎன்ஏ இழையை, துண்டு துண்டாகப் பார்த்து, இந்தத் துண்டு ஆப்பிரிக்க மூதாதையரிடமிருந்து வந்தது, இது ஐரோப்பியரிடமிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லிவிட முடியும். அபோ-ஈ உட்கார்ந்திருக்கும் 19-ஆவது குரோமோசோம் துண்டு ஐரோப்பிய வழியில் வந்திருந்தால் ஈ4-ன் ஆபத்து அதிகமாகவும், அதே துண்டு ஆப்பிரிக்க வழியில் வந்திருந்தால் ஆபத்து குறைவாகவும் இருந்தது. ஆள் மொத்தத்தில் எவ்வளவு ஆப்பிரிக்கர், எவ்வளவு ஐரோப்பியர் என்பது பெரிதாகப் பொருட்படவில்லை. அந்தக் குறிப்பிட்ட துண்டு எங்கிருந்து வந்தது என்பதே பொருட்பட்டது. ஆக, ஈ4-க்குப் பக்கத்தில் இருக்கும் வேறு ஏதோ எழுத்துகள் அதன் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. வம்சாவளி ஆயுளைத் தொடும் விதத்தை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய ஆய்வுகள் அதிகம் இல்லை. தோல் நிறத்தையோ இனப்பெயரையோ வைத்துப் பேசுவது எவ்வளவு கரடுமுரடான அளவுகோல் என்பதையும் இது தெளிவாகக் காட்டிவிடுகிறது.

இவ்வளவு கெடுதல் செய்யும் ஈ4 ஏன் இன்னும் அழியாமல் இருக்கிறது என்று கேட்கலாம். மனித இனத்தின் பழைய வடிவமே ஈ4-தான், ஈ3-ம் ஈ2-ம் பிற்பாடு வந்தவை. பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடையே நடந்த ஆய்வுகள் இங்கே உதவுகின்றன. குடற்புழு முதலான ஒட்டுண்ணிகள் அதிகம் உள்ள முதியவர்களில், ஈ4 இருந்தவர்களுடைய நினைவும் சிந்தனையும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தன. ஈ4 உள்ள பெண்களுக்குக் குழந்தைகளும் கூடுதல். கிருமியும் புழுவும் சூழ்ந்த வாழ்க்கையில், இளவயதில் கைகொடுத்த ஒன்று இது. கொழுப்பு மிகுந்து தொற்று குறைந்த நகரத்தில், எழுபது வயதில் அதுவே பாரமாகிவிடுகிறது. பிள்ளை பெற்று முடித்த பிறகு வரும் கேட்டை இயற்கைத் தேர்வு பெரும்பாலும் கண்டுகொள்ளாது என்று உயிரியலாளர் பீட்டர் மெடாவர் 1952-லும், இளமையில் நன்மை தந்து முதுமையில் கெடுக்கும் மரபணுக்கள் தங்கிவிடும் என்று இன்னொரு உயிரியலாளர் ஜார்ஜ் வில்லியம்ஸ் 1957-லும் எழுதினார்கள். முதுமையின் மரபியல் முழுவதும் இந்த இரண்டு எண்ணங்களின் மேல்தான் நிற்கிறது.

அடுத்தது, மக்கள்தொகை சுருங்குவதால் வருவது. ஒரு சிறு கூட்டம் பிரிந்துபோய், தங்களுக்குள்ளேயே மணம் செய்து பெருகினால், அந்த முதல் சிலரிடம் தற்செயலாக இருந்த அரிய திரிபுகள் பேரன் பேத்திகளிடம் பரவலாகிவிடும். மரபியலில் இதை நிறுவனர் விளைவு என்பார்கள். மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த அஷ்கெனாசி யூதர்களின் மூதாதையர் சுமார் 600 முதல் 800 ஆண்டுகளுக்கு முன்பு, மரபணுக் கணக்கில் ஏறக்குறைய 350 பேர் அளவுக்குச் சுருங்கியிருந்தார்கள் என்று 2014-ல் கணித்தார்கள். நீண்ட ஆயுள் ஆய்வுகள் பலவும் நியூயார்க்கில் இந்தச் சமூகத்து முதியவர்களிடம் நடந்ததற்கு இதுவே காரணம். மரபணுப் பின்னணி ஒரே மாதிரி இருப்பதால், நூறை எட்டியவரிடம் வித்தியாசமாக இருக்கும் ஒன்று கண்ணில் படுவது சுலபம்.

இந்த வகையில் என்னை மிகவும் கவர்ந்தது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், பெர்ன் என்ற ஊரைச் சுற்றி வாழும் அமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தின் கதை. சுவிட்சர்லாந்திலிருந்து வந்து, வெளியே மணம் செய்யாமல், பெரும்பாலும் விவசாயம் செய்து வாழ்கிறவர்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு சிறுமிக்கு ரத்தக்கசிவு நிற்காத கோளாறு இருந்ததை ஆராய்ந்தபோது, பிஏஐ-1 என்ற புரதத்தை உருவாக்கும் மரபணு அவளிடம் இரண்டு பிரதியிலும் உடைந்திருப்பது தெரிந்தது. ரத்தக் கட்டி கரைவதைத் தடுத்துப் பிடிக்கும் புரதம் அது. அது இல்லாவிட்டால் கட்டி சீக்கிரம் கரைந்துவிடும். பல ஆண்டுகள் கழித்து அந்தச் சமூகத்தில் 177 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 43 பேரிடம் அந்த உடைந்த வடிவம் ஒரே ஒரு பிரதியாக இருந்தது. அவர்களிடம் புரதம் பாதி அளவுதான் இருந்தது, ஆனால் ரத்தக்கசிவுத் தொந்தரவு இல்லை. சர்க்கரை நோய் ஒருவருக்கும் இல்லை. வயதாக ஆகத் தேய்ந்துவரும் குரோமோசோம் முனைகளான டெலோமியர்கள் சராசரியாக நீளமாக இருந்தன. அவர்களின் முன்னோர் தலைமுறையைப் பார்த்தால், அந்தப் பிரதி உள்ளவர்கள் 85 வயது வரையும், இல்லாதவர்கள் 75 வயது வரையும் வாழ்ந்திருக்கிறார்கள். 2017-ல் இது வெளியானது. அதே திரிபு இரண்டு பிரதியும் வந்தவர்களுக்கு இதயத் தசை நார்போல இறுகிப்போகும் ஆபத்து இருக்கிறது. அகமணம், அதாவது தங்களுக்குள்ளேயே மணம் செய்வது, ஒரே கையால் கொடுத்து, அதே கையால் பிடுங்கிக்கொள்கிறது.

எக்குவடோர் நாட்டின் லோஹா மாகாணமும் இப்படித்தான். அங்கே மலைக் கிராமங்களில் மூன்றரை, நான்கு அடி உயரத்தில் நூறு பேர் அளவில் இருக்கிறார்கள். வளர்ச்சி ஹார்மோன் அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது, ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி வேலை செய்வதில்லை. லாரன் நோய்க்குறி என்று பெயர். ஸ்பெயினில் கட்டாயத்தால் மதம் மாறி, கடல் கடந்து போன யூதர்களோடு இந்தத் திரிபு அங்கே சேர்ந்ததாகக் கருதுகிறார்கள். அதே திரிபு இஸ்ரேலில் மொராக்கோ வம்சாவளி யூதர் ஒருவரிடமும் இருந்தது இதற்கு வலுவான தடயம். ஹைமே கெவாரா-அகிரே என்ற மருத்துவர் 22 ஆண்டுகள் இவர்களில் 99 பேரைத் தொடர்ந்து கவனித்தார். சர்க்கரை நோய் ஒருவருக்கும் இல்லை, உயிரைப் பறிக்காத புற்றுநோய் ஒரே ஒருவருக்கு. உயரமான உறவினர்களிடமோ இரண்டும் வழக்கம்போல இருந்தன. இதைக் கேட்டால் இவர்கள் நூறு வயது வாழ்வார்கள் என்றுதான் நினைப்போம். வாழவில்லை. விபத்தும் குடியும் வலிப்பும் அவர்களைக் கொண்டுபோயின. மரபணு தந்த அனுகூலத்தை மற்றவை தின்றுவிட்டன.

அதே லோஹா மாகாணத்தில்தான் வில்கபம்பா என்ற பள்ளத்தாக்கும் இருக்கிறது. 120, 130 வயது ஆட்கள் வாழும் இடம் என்று 1970-களில் உலகெங்கும் பேசப்பட்ட ஊர். 1979-ல் ஞானஸ்நானப் பதிவேடுகளை வைத்துச் சரிபார்த்தபோது, நூறைத் தாண்டியதாகச் சொன்ன ஒருவர்கூட உண்மையில் நூறைத் தொட்டிருக்கவில்லை. ஒரே பெயர் தாத்தாவுக்கும் பேரனுக்கும் இருந்ததும், வயது கூடினால் மரியாதை கூடியதும் சேர்ந்து செய்த வேலை. எந்த ஊரின் நீண்ட ஆயுளைப் பற்றிக் கேட்டாலும், முதலில் பிறப்புப் பதிவைக் கேட்க வேண்டும். சார்டீனியாவின் மலைக் கிராமங்களை ஆராய்ந்த மிஷேல் பூலெனும் ஜியானி பெஸ்ஸும் அதைத்தான் முதல் வேலையாகச் செய்தார்கள். அதனால்தான் அவர்களின் 2004-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு இன்றும் மதிப்பு.

இத்தாலியைப் பற்றிச் சொல்லும்போது அண்மையில் வந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இன்றைய ஐரோப்பியர் யாரும் ஒரே மூலத்தினர் அல்லர். பனிக்காலத்துக்குப் பிறகு அங்கே வாழ்ந்த வேட்டையாடிகள், அனத்தோலியாவிலிருந்து (இன்றைய துருக்கிப் பகுதி) வந்த முதல் விவசாயிகள், சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு புல்வெளிகளிலிருந்து இறங்கிய கால்நடை மேய்ப்பர்கள் என்று பல அடுக்குகள். பொலோனா பல்கலைக்கழகத்தினர் முந்நூற்றுக்கும் மேற்பட்ட நூறு வயது இத்தாலியர்களின் ஜீனோமை (ஒருவரின் மொத்த டிஎன்ஏ), மற்ற இத்தாலியர்களோடும் பழங்கால எலும்புகளில் எடுத்த டிஎன்ஏவோடும் ஒப்பிட்டு 2025-ல் வெளியிட்டார்கள். நூறை எட்டியவர்களிடம் மேற்கு ஐரோப்பிய வேட்டையாடிகளின் பங்கு சற்றே அதிகம் என்பது அவர்கள் முடிவு.

ஊடகங்கள் இதை "வேட்டையாடிகளின் ரகசியம்" என்கிற அளவுக்குக் கொண்டுபோய்விட்டன. 2024-ல் பழங்கால ஜீனோம்களை வைத்து வந்த இன்னொரு பெரிய ஆய்வைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் அல்சைமருக்கும் சர்க்கரை நோய்க்கும் காரணமாகும் திரிபுகள் இதே வேட்டையாடி அடுக்கில்தான் கூடுதலாக இருந்தன. ஈ4 அதில் முக்கியமானது. ஒரே மூதாதையரிடமிருந்து ஆயுளைக் கூட்டுகிறதும் வந்திருக்கிறது, குறைக்கிறதும் வந்திருக்கிறது. மொத்தமாக நல்ல வம்சம், கெட்ட வம்சம் என்று தரம் பிரிக்க நினைப்பவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

எல்லாமே ஊருக்கு ஊர் மாறுகிறது என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஹவாயின் ஒவாஹு தீவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 8,006 பேரை 1965-லிருந்து பின்தொடர்ந்த ஒரு ஆய்வு இருக்கிறது. அதில் 95 வயதைத் தாண்டிய 213 பேரை, 81-க்கு முன் இறந்த 402 பேரோடு ஒப்பிட்டு, ஃபாக்ஸோ-3 என்ற மரபணுவின் ஒரு வடிவம் நீண்ட ஆயுளோடு சேர்ந்து வருவதாக 2008-ல் சொன்னார்கள். அடுத்த ஆண்டே ஜெர்மானியரிடமும், பின்னர் சீனரிடமும் அது உறுதியானது. இன்சுலின் சமிக்ஞைப் பாதையோடு இணைந்த மரபணு அது. புழுவிலும் ஈயிலும்கூட அதே பாதை ஆயுளைத் தொடுகிறது. இவ்வளவு பழைய இயந்திரம் என்பதால்தான் கண்டம் மாறினாலும் அது வேலை செய்கிறது என்பது என் கருத்து. இதற்கு எதிர்ப்பக்கத்தில், வட இத்தாலியில் நூறு வயது ஆண்களிடம் கண்ட ஒரு மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குச் சக்தி தரும் உறுப்பு) டிஎன்ஏ வகை, தென் இத்தாலிக்கு வந்ததும் பயனற்றுப் போனது.

இந்த ஆய்வுகளில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, விவரம் தெரிந்தவர்களும் அதில் விழுகிறார்கள். இட்லி சாப்பிடுகிறவர்கள், சப்பாத்தி சாப்பிடுகிறவர்கள் என்று இந்தியர்களை இரண்டாகப் பிரித்து டிஎன்ஏவை ஒப்பிட்டால், ஆயிரக்கணக்கான திரிபுகளில் வித்தியாசம் தெரியும். இட்லி மரபணு என்று ஒன்றும் இல்லை, தெற்கும் வடக்கும் பிரிந்து வந்த வரலாறுதான் அங்கே தெரிகிறது. நூறு வயதினரை ஒரு பகுதியிலிருந்தும், ஒப்பிடும் இளையவர்களை வேறு பகுதியிலிருந்தும் எடுத்தால் இதுவே நடக்கும். நூறு வயதினர் ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய மக்கள்தொகையின் மிச்சம். இன்றைய நகரத்து இளைஞர்களில் எத்தனையோ இடம்பெயர்வுகள் கலந்திருக்கின்றன. கருவியாலும் இதேபோல் கோளாறு வரும். 2010-ல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று 150 திரிபுகளை வைத்து யார் நூறை எட்டுவார் என்று கணிக்கலாம் என்றது. திரிபுகளைப் படிக்கும் டிஎன்ஏ சில்லு ஒன்றின் பிழை கணக்கில் கலந்திருந்ததால் அடுத்த ஆண்டே கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

ஒகினாவாவையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அங்குள்ளவர்கள் ஜப்பானின் பிரதான தீவினரைவிட ஜோமோன் என்ற பழங்குடி வேட்டையாடிகளின் பங்கை அதிகம் கொண்டவர்கள். மரபியல் வேறுபாடு உண்மை. ஆனால் 2000-ஆம் ஆண்டுக் கணக்கில், ஆண்களின் சராசரி ஆயுளில் ஒகினாவா ஜப்பானின் 47 மாகாணங்களில் 26-ஆவது இடத்துக்கு இறங்கியது. ஒரு காலத்தில் முதலிடத்தில் இருந்த மாகாணம் அது. அமெரிக்க ராணுவ முகாம்களோடு வந்த உணவும் காரும் ஒரே தலைமுறையில் செய்த வேலையை ஜோமோன் மரபணு தடுக்கவில்லை.

இந்தத் துறை இத்தனை ஆண்டுகளும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரையே பார்த்துவந்தது, அதனால் நஷ்டம் எல்லோருக்கும்தான். பிசிஎஸ்கே-9 மரபணு உடைந்திருந்தால் கெட்ட கொழுப்பு வாழ்நாள் முழுவதும் குறைவாக இருக்கும். அமெரிக்கக் கறுப்பினத்தவரில் 2.6 சதவீதம் பேரிடம் இப்படி உடைந்த வடிவம் இருந்தது. அவர்களின் கெட்ட கொழுப்பு 28 சதவீதம் குறைவு, இதய நோயோ 88 சதவீதம் குறைவு என்று 2006-ல் தெரிந்தது. வெள்ளையரிடம் மட்டும் தேடியிருந்தால் இவ்வளவு துலக்கமாகத் தெரிந்திருக்காது. 2015-ல் சந்தைக்கு வந்த ஊசி மருந்துகள் இந்தக் கண்டுபிடிப்பின் பலன், இன்று அது எல்லா இனத்தவருக்கும் பயன்படுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் தூக்க நோய் என்ற தொற்றுநோயின் கிருமியிலிருந்து காத்த ஏபிஓஎல்-1 திரிபுகள் இன்று அவர்கள் வழிவந்தவர்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. அதுவும் அவர்களைத் தேடிப் பார்த்ததால்தான் தெரிந்தது.

இப்போது நம்மவர்களுக்கு வருகிறேன். தெற்காசியர்களில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம், அதாவது 25 பேரில் ஒருவரிடம், இதயத் தசைப் புரதத்துக்கான எம்ஒய்பிபிசி-3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த தண்டபாணியும், ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு நிறுவனத்தின் தங்கராஜும், மற்றவர்களும் சேர்ந்து 2009-ல் இதை வெளியிட்டார்கள். சுமார் 33,000 ஆண்டுகளுக்கு முன்பு இந்தியத் துணைக்கண்டத்தில் தோன்றி இங்கேயே பரவிய திரிபு அது. நடுவயது தாண்டிய பிறகுதான் பெரும்பாலும் இதயத்தைத் தளர்த்தும். அதற்குள் பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிடுவார்கள். மெடாவர் சொன்னது இதுதான். இந்தத் திரிபு உள்ள எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவு இல்லை, அதே மரபணுவில் இன்னொரு திரிபும் சேர்ந்திருப்பவர்களுக்கே அதிகம் என்று பிற்கால ஆய்வு காட்டியது. அபோ-ஈயில் பார்த்தது போலவே இங்கும் பக்கத்தில் இருப்பதைப் பொறுத்துத்தான் பாதிப்பு.

நம் வரலாற்றின் பெரிய தடம் அகமணம். பழைய மக்கள் கூட்டங்கள் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை தாராளமாகக் கலந்தன. அதற்குப் பிறகு சாதிக் கட்டு இறுகிக் கலப்பு நின்றது. 2017-ல் வந்த ஓர் ஆய்வு, தெற்காசியாவில் 81 குழுக்களுக்கு அஷ்கெனாசி யூதர்களையும் பின்லாந்தினரையும் மிஞ்சிய நிறுவனர் விளைவு இருப்பதாகக் காட்டியது. அதில் 14 குழுக்கள் ஒவ்வொன்றும் பத்து லட்சம் பேருக்கு மேல். இன்று எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் தொடக்கம் சிறிதாக இருந்தது நமக்குத் தெரிவதில்லை. இதற்கு மேல் மாமன் மகள், அக்கா மகள் திருமணங்கள் வேறு. 60 வயதைக் கடந்த இந்தியர்கள் 2,762 பேரின் முழு ஜீனோமைப் படித்து 2025-ல் வந்த ஆய்வில், தாய்வழியும் தந்தைவழியும் ஒரே துண்டு வந்து சேர்ந்த பகுதிகள் ஐரோப்பியரையும் கிழக்காசியரையும்விட 2 முதல் 9 மடங்கு அதிகமாக இருந்தன. முதுமை மறதியை ஆராயத் தொடங்கிய திட்டம் அது. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 83 மக்கள் குழுக்களிலிருந்து ஏறக்குறைய 10,000 பேரின் தரவும் சேர்ந்திருக்கிறது. எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி தரும் விஷயங்கள் இவை. அமிஷ் சமூகத்தில் 177 பேரை வைத்து அவ்வளவு தெரிந்துகொள்ள முடிந்தது என்றால், இங்கே தொண்ணூறைத் தாண்டியவர்களை முறையாகச் சேர்த்துப் படித்தால் என்னவெல்லாம் கிடைக்கும்!

உங்கள் குடும்பத்துக்கு வருவோம். மூன்று தலைமுறை தொண்ணூறு என்பது நல்ல அறிகுறி. அது உங்கள் சாதிக்கோ ஊருக்கோ உரியது அல்ல, உங்கள் குடும்பத்தில் சேர்ந்திருக்கும் ஒரு கலவை. அதில் பாதிதான் அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கும். வீட்டுக்கு வரும் டிஎன்ஏ சோதனைப் பெட்டிகளின் ஆயுள் மதிப்பெண்ணை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். அவை பெரும்பாலும் ஐரோப்பியத் தரவில் உருவானவை, நம்மிடம் அவற்றின் துல்லியம் குறைகிறது. அதற்குப் பதிலாக, அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் பெரியவர்கள் எந்த ஆண்டு பிறந்தார்கள், எந்த வயதில், எதனால் இறந்தார்கள் என்று எழுதி வையுங்கள். பள்ளிச் சான்றிதழோ பத்திரமோ இருந்தால் வயதைச் சரிபாருங்கள். அப்படி எழுதும்போது ஐம்பது வயதுக்குள் மாரடைப்பு வந்தவரோ, காரணம் தெரியாமல் இதயம் தளர்ந்து இறந்தவரோ ஒருவர் தென்பட்டால், மருத்துவரிடம் முதலில் அவரைப் பற்றிச் சொல்லுங்கள், தொண்ணூறு வயதுத் தாத்தாவைப் பற்றி அப்புறம் சொல்லலாம்.